ஆடிப்பெருக்கன்று தேனு முழுங்கிய காசு

பிள்ளை எதையாவது முழுங்கிவிட்டு, மூச்சும் விட்டுக்கொண்டு அழுதுகொண்டும் இருந்தால், வாயில் விரலை விட்டு நோண்டாதீர்கள். தலைகீழாகத் தூக்கிப் பிடித்து முதுகில் அடிக்காதீர்கள். நாங்கள் இரண்டையும் செய்தோம். டாக்டரிடம் நன்றாகத் திட்டு வாங்கினோம். அதனால் இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

என் மகள் தேன்மொழிக்கு அப்போது மூன்று வயது முடியவில்லை. தேனு என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு வயது போன பிறகு பிறந்தவள். அதற்கு முன்னால் இரண்டு கரு வயிற்றில் தங்காமல் போய்விட்டது. அதனால் அவள் தும்மினால்கூட எனக்குப் பயம்தான். பெரம்பலூர் தனி மாவட்டம் ஆன புதுசு அது. நாங்கள் இருந்தது அரியலூருக்குப் பக்கத்து ஊர். என் வீட்டுக்காரர் கிணற்று மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர். வீட்டில் எந்த மூலையைத் தொட்டாலும் கையில் கிரீஸ் ஒட்டும். போல்ட்டு, நட்டு, வாஷர் எல்லாம் டப்பா டப்பாவாக இருக்கும்.

ஆடிப் பதினெட்டு அன்று நாங்கள் தாலிக் கயிறு மாற்றுவோம். பழைய மஞ்சள் கயிற்றை அவிழ்த்து, அதில் இருக்கிறதை எல்லாம் தட்டில் எடுத்து வைத்து, புதுக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொள்வது. ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் கொள்ளிடத்துக்குப் போவார்கள். அந்த வருஷம் தேனுவுக்குச் சளி என்று நான் வீட்டிலேயே மாற்றிக்கொள்ள உட்கார்ந்தேன். தட்டில் தாலி, இரண்டு குண்டு, ஒரு லட்சுமி காசு. காசுக்கு மேலே சின்னதாக ஒரு வளையம் இருக்கும், கயிற்றை நுழைக்க. தேனு பக்கத்தில் உட்கார்ந்து குங்குமத்தைத் தொட்டு என் காலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். கயிற்று நுனி பிரிந்துவிட்டது என்று அதை எச்சில் தொட்டு முறுக்கினேன். அந்த நேரம்தான்.

"ம்மா, காசு உள்ள போச்சு" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்புறம் முகம் மாறியது. கண் பிதுங்கி, எச்சில் ஒழுகி, ஓவென்று அழ ஆரம்பித்தாள். நான் விரலை விட்டேன். வரவில்லை. என் சத்தம் கேட்டு அடுத்த தெருவிலிருந்து என் வீட்டுக்காரரோட அக்கா அஞ்சலை அண்ணி ஓடி வந்தார்கள். ஊருக்கே அதட்டல் போடுகிறவர்கள். வந்ததும் பிள்ளையைக் காலைப் பிடித்துத் தூக்கி முதுகில் நாலு போட்டார்கள். காசு வரவில்லை. காலையில் குடித்த பால்தான் வந்தது.

"இடிச்ச புளி மாதிரி நிக்கிறியே, கௌம்புடி" என்றார்கள் என்னைப் பார்த்து.

"அண்ணி, கயிறு கட்டல."

"கோத்தது குறைஞ்சு கட்டுவியா? ஒண்ணு புள்ள வயித்துல கெடக்கு. அப்புறம் கட்டலாம், கௌம்பு."

எங்கள் பக்கம் அப்படி ஒரு பழக்கம். மாற்றும்போது எத்தனை அவிழ்த்தோமோ அத்தனையும் கோத்துத்தான் கட்ட வேண்டும். குறைவாகக் கட்டக்கூடாது. தட்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, வெறும் கழுத்தோடு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அண்ணியோடு ஓடினேன்.

வேலைக்குப் போயிருந்த அவரை வழியிலேயே பிடித்து, பஸ் ஏறி அரியலூர் போனோம். அங்கே ஒரு டாக்டர் விளக்கை அடித்துத் தொண்டையைப் பார்த்தார். "கண்ணுக்குத் தெரியல. எக்ஸ்ரே எடுக்கணும். இங்க காலையிலேருந்து கரண்ட் இல்ல. பெரம்பலூர் போயிடுங்க. தண்ணிகூட குடுக்காதீங்க" என்றார். மறுபடி பஸ். சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக் கல் ஏற்றிக்கொண்டு போகிற லாரிகள் முன்னால் போக, பஸ் அதன் பின்னாலேயே ஊர்ந்தது. ஜன்னல் வழியாகப் புழுதி. தேனு என் தோளில் கிடந்து "தண்ணி, தண்ணி" என்றாள். கையில் தண்ணீர்ப் பாட்டிலை வைத்துக்கொண்டு கொடுக்க முடியாமல் வந்தேன் பாருங்கள், அதுதான் அந்த நாளிலேயே எனக்குப் பெரிய கஷ்டம். கடைசியில் பாட்டிலைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டேன்.

பெரம்பலூரில் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் நடு வயசுக்காரர், மூக்குக் கண்ணாடி. விரல் விட்டதையும் தலைகீழாகப் பிடித்ததையும் அண்ணி பெருமையாகச் சொன்னார்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, நம்ம தொண்டைக்குக் கீழ ரெண்டு குழா இருக்கு. ஒண்ணு சோத்துக்கு, ஒண்ணு மூச்சுக்கு. காசு சோத்துக் குழாயில கெடக்குற வரைக்கும் பயமில்ல. நீங்க தலைகீழா புடிச்சுக் குலுக்குனதுல மூச்சுக் குழாய்க்கு மாறியிருந்தா? புள்ள இங்க வந்து சேந்திருக்காது."

அண்ணி வாயை மூடிக்கொண்டார்கள். அவர்கள் வாயை மூடி நான் பார்த்தது அன்றுதான்.

எக்ஸ்ரே ரூமில் ஒரு பையன் இருந்தான். "நகை நட்டு எல்லாம் கழட்டிடுங்கம்மா" என்றான். தேனுவின் காதிலிருந்த தோடு, கையிலிருந்த வளையல், கால் கொலுசு எல்லாம் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். கவுனோடு படுக்க வைத்தான். "அசையாம புடிங்க" என்றான். சில்லென்ற மேசையில் அவள் கத்தின கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது.

படம் வந்தது. டாக்டர் அதை விளக்குக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். எலும்பு வெள்ளையாகத் தெரியும், அதைவிட வெள்ளையாகத் தெரிவது இரும்பும் தங்கமும் என்று சொன்னார். கழுத்துக்குக் கீழே, நெஞ்சுக்கு மேலே, வட்டமாக ஒன்று. மேலே அந்தச் சின்ன வளையம்கூடத் தெரிந்தது. "இது உங்க காசு" என்றார். அப்புறம் விரலைக் கீழே கொண்டுபோனார். வயிற்றில் இன்னொரு வட்டம். நடுவில் ஓட்டை.

"இது என்ன? ரெண்டு முழுங்கியிருக்கே."

என் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்ததும் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். "வாஷர் மாதிரி இருக்கு சார்" என்றார்.

"எந்த வாஷர்? வழுவழுன்னு இருக்குமா, பல்லு இருக்குமா?"

"ரெண்டும் இருக்கு சார் வூட்டுல."

அவ்வளவுதான். அண்ணிக்கு வாய் திரும்பி வந்துவிட்டது.

"தலபாடா அடிச்சுக்கிட்டேன்டா, இந்தக் கழிசடை எல்லாம் வூட்டுக்குள்ள வெக்காதன்னு! புள்ள இருக்குற வூடா அது? காயலான் கடை! இவன்லாம் ஒரு அப்பன்!"

அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நகக்கண்ணில் எல்லாம் கிரீஸ்.

டாக்டர் சொன்னது இதுதான். மேலே இருக்கிற காசு தானாக இறங்கினாலும் இறங்கும். ஆனால் கீழே இருக்கிறது கூர் உள்ள இரும்பாக இருந்தால் குடலைக் கீறிவிடும். இரண்டும் ஒரு இடத்தில் சேர்ந்தால் இன்னும் சிக்கல். வயிற்றைத் திறக்க வேண்டி வந்தாலும் வரலாம், அதற்கு இங்கே வசதி இல்லை, உடனே திருச்சிக்குப் போய்விடுங்கள். சீட்டு எழுதிக் கொடுத்தார். வயிற்றைத் திறப்பது என்றால் என்ன என்று நான் யாரையும் கேட்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. என் கை அவளுடைய குட்டி வயிற்றின் மேலேயே இருந்தது.

அவர் கார் பேசப் போனார். அண்ணி தன் வீட்டுக்குப் போன் பண்ண வெளியே பூத்துக்குப் போனார்கள். வராந்தா பெஞ்சில் நானும் தேனுவும் மட்டும். பக்கத்தில் எறையூர்க்காரப் பெண் ஒருத்தி, பேதி கண்ட மகனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஆலையில் வேலையாம். என் கழுத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மெதுவாகக் கேட்டாள்.

"அவரு எப்பக்கா போனாரு?"

"இப்பத்தான் போனாரு. கார் கொண்டுகிட்டு வந்துடுவாரு" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் என்ன கேட்டாள் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அப்புறம் வார்டில் பழகின பிறகு இரண்டு பேரும் அதை நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறோம்.

அழுது அழுது தேனு அப்படியே தூங்கிவிட்டாள். அவளைத் தூங்க வைக்கும்போது எனக்கு ஒரு வழக்கம். கவுனுக்குள் கையை விட்டு, இடுப்பில் கட்டியிருக்கிற அரைஞாண் கயிற்றை உருட்டிக்கொண்டிருப்பேன். கறுப்புக் கயிறு. பெயர் வைத்த அன்று அஞ்சலை அண்ணி கட்டிவிட்டது. அதில் ஒரு பழைய ஓட்டைக் காலணா கோத்திருக்கும். வெள்ளைக்காரன் காலத்துச் செப்புக் காசு. பிள்ளைக்குக் கண்ணு படாது என்று அண்ணி தன் பெட்டியிலிருந்து தேடி எடுத்துக் கட்டினார்கள். அதன் ஓட்டையில் என் சுண்டு விரல் நுனி சரியாக நுழையும். நுழைத்து நுழைத்து எடுப்பேன். அவளும் அதற்கு அடங்கித் தூங்குவாள்.

அப்படித்தான் அன்றும் என் விரல் தன்பாட்டுக்கு உருட்டிக்கொண்டிருந்தது. கண் எதிரே ஜன்னல் கட்டையில் அந்தப் படம் சாய்த்து வைத்திருந்தது. பின்னாலிருந்து வெளிச்சம். வட்டம், நடுவில் ஓட்டை. என் விரல் ஓட்டைக்குள் போனது. கண்ணும் அந்த ஓட்டையைப் பார்த்தது.

கவுனை விலக்கிக் காலணாவைப் பார்த்தேன், மறுபடி படத்தைப் பார்த்தேன்.

நகையைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன். அரைஞாண் நகையா? அது பிள்ளையோடு பிள்ளையாக இருப்பது. குளிப்பாட்டும்போதும் அவிழ்ப்பதில்லை. பிறந்ததிலிருந்து அவள் இடுப்பு ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருந்ததில்லை. கழற்ற வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

ஆனால் இதை நான் எப்படிச் சொல்வது? அவரும் இல்லை, அண்ணியும் இல்லை. நான் கடைக்காரரிடம்கூட நிமிர்ந்து பேசாதவள். டாக்டரிடம் வாயே திறந்ததில்லை, கேட்டதற்கு எல்லாம் அண்ணிதான் பதில் சொன்னார்கள். நான் நினைப்பது தப்பாக இருந்தால்? படித்தவர் சொன்னதை மறித்துப் பேசி, அதனால் நேரம் போய்ப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால்? எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். எறையூர்க்காரி "என்னக்கா?" என்றாள். அவளிடம் கயிற்றைக் காட்டினேன், படத்தைக் காட்டினேன். அவள் என் முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். "போ, போயி சொல்லு. வயித்தக் கிழிச்சப்புறமா சொல்லப் போற?"

டாக்டர் ரூம் வாசலில் கூட்டம். நர்ஸம்மா "உங்களுக்குத்தான் சீட்டு குடுத்தாச்சேம்மா" என்று கையை நீட்டி மறித்தார். மறித்த கைக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விட்டேன். எப்படிப் போனேன் என்று இன்று வரை தெரியாது. டாக்டர் மேசை மேலேயே பிள்ளையைப் படுக்க வைத்து, கவுனைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் பார்த்தார். காலணாவைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் கழட்டுங்கன்னு சொன்னாங்கல்ல?"

"நகையத்தானுங்க கழட்டச் சொன்னாங்க" என்றேன். அதுதான் நான் ஒரு டாக்டரிடம் பேசின முதல் பேச்சு.

கோபப்படுவார் என்று பார்த்தால் சிரித்துவிட்டார். "நானும் கவுனத் தூக்கிப் பாத்திருக்கணும்மா. அவசரத்துல விட்டுட்டேன். கழட்டிட்டு இன்னொரு படம் எடுத்துட்டு வாங்க" என்றார்.

கயிற்றை அறுக்க நர்ஸம்மா நீட்டிய கத்தரிக்கோலை நான் வாங்கவில்லை. நின்றேன். நர்ஸம்மா "இன்னும் என்ன?" என்றார். புதுக் கயிறு கட்டாமல் பழையதை அறுக்கக் கூடாது, இடுப்பு வெறுமையாக இருக்கக் கூடாது என்று இழுத்து இழுத்துச் சொன்னேன். அந்த அம்மா என்னை ஒரு முறை முறைத்தார். அப்புறம் ஒன்றும் பேசாமல், புண்ணுக்குக் கட்டுகிற துணியில் நீளமாக ஒன்று கிழித்து, தேனு இடுப்பைச் சுற்றி அழகாக முடிச்சுப் போட்டுவிட்டார். "இது படத்துல தெரியாது. இப்ப அறுக்கலாமா?" என்றார். அந்த அம்மா பெயர்கூட எனக்குத் தெரியாது. நன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாவது படத்தில் ஓட்டை வட்டம் இல்லை. அதோடு இன்னொன்றும். கழுத்துக்குக் கீழே இருந்த காசும் அங்கே இல்லை. அது வயிற்றுக்குள் இறங்கியிருந்தது.

"அழுத அழுகையில எறங்கிடுச்சு. வயித்துக்குப் போயிட்டா வெளிய வந்துடும். திருச்சியும் வேணாம், ஒண்ணும் வேணாம். இங்கயே படுக்க வெச்சுப் பாப்போம். இப்ப தண்ணி குடுங்க" என்றார் டாக்டர்.

புடவைக்குள்ளிருந்த பாட்டிலை எடுத்தேன். அவள் மடக் மடக்கென்று குடித்தாள். ஒவ்வொரு மடக்குக்கும் அவள் தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்கு அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

கார் கொண்டுவந்த அவருக்கும் போன் பேசிவிட்டு வந்த அண்ணிக்கும் எறையூர்க்காரிதான் கதையைச் சொன்னாள். அவர் காலணாவைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"காயலான் கடை என்னுதா, உன்னுதாக்கா?"

அண்ணி அசரவில்லை. "போடா போக்கத்தவனே. என் காசு இடுப்புல இருந்ததாலதான் புள்ளைக்கு ஒண்ணும் ஆவல" என்றார்கள். சொல்லிவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினார்கள். சத்தம் எங்களுக்குக் கேட்டது.

அப்புறம் இருந்த நாட்கள் நல்ல நாட்கள். ஆஸ்பத்திரியில் இருந்ததை அப்படிச் சொல்லலாமா, தெரியவில்லை. ஆனால் எனக்கு அப்படித்தான் நினைவிருக்கிறது. எங்கள் கட்டிலுக்கு நேரே ஜன்னல். வெளியே ஒரு புங்கமரம். காலையில் ரொட்டி, பால். வாழைப்பழம் நிறையக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். தேனு வார்டு முழுக்க, இடுப்பில் வெள்ளைத் துணிக் கயிற்றோடு, எல்லார் கட்டிலுக்கும் போய் "நான் காசு முழுங்குனேன்" என்று சொல்லிப் பழம் வாங்கிக்கொண்டு வருவாள். டாக்டர் வந்தால் கவுனைத் தானே தூக்கிக் காட்டுவாள். செலவை எல்லாம் அண்ணிதான் பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு என்று கேட்டால், "உன் மூஞ்சி" என்பார்கள்.

மறுநாள் காலையில் அண்ணி ஒரு மஞ்சள் கிழங்கும் புதுக் கயிறும் கொண்டுவந்தார்கள். வார்டுக்குப் பின்னால் குழாயடியில் என்னைக் கிழக்கே பார்த்து நிற்க வைத்து, மஞ்சளைக் கயிற்றில் கட்டி என் கழுத்தில் போட்டார்கள். "காசு வர்ற வரைக்கும் இது இருக்கட்டும். அந்த எறையூர்க்காரி உன்னைய என்ன நெனச்சா தெரியுமா?" என்றார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிள்ளை வெளிக்குப் போனதை ஒவ்வொரு தடவையும் அலசிப் பார்க்க வேண்டும். அதை யார் செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? என் வீட்டுக்காரர். பிள்ளை மூத்திரம் போனாலே "இந்தா, வா" என்று என்னைக் கூப்பிடுகிறவர். அண்ணி போகிறேன் என்றார்கள், நான் போகிறேன் என்றேன். விடவில்லை. ஒரு பழைய வடிகட்டியும் குச்சியும் எடுத்துக்கொண்டு குழாயடியில் குந்திக்கொள்வார். மோட்டாரைப் பிரித்துப் பார்க்கிற மாதிரியே அவ்வளவு கவனமாகப் பார்ப்பார். வாஷர் அவருடையது இல்லை என்று ஆன பிறகும் அவர் மனசு ஆறவில்லை என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போனதும் டப்பா எல்லாவற்றையும் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டார்.

ஒரு காலையில் ஈரக் கையைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் ஓடி வந்தார். "வந்துட்டா, மகாலட்சுமி வந்துட்டா!" வார்டே சிரித்தது. எறையூர்க்காரி கை தட்டினாள். நர்ஸம்மா "சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க முதல்ல" என்று விரட்டினார்.

அந்தக் காசைத் திரும்பத் தாலியில் கோக்கலாமா என்று எனக்குச் சந்தேகம். அண்ணி புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் தண்ணீரில் ஊற வைத்து எடுத்தார்கள். "புள்ள வயித்துல இருந்து வந்தது எதுடி தீட்டு? அது புள்ளைய ஒண்ணும் பண்ணாம வந்ததே, அதுக்கே கும்பிடணும்" என்றார்கள். வீட்டுக்கு வந்து கோத்துக் கட்டிக்கொண்டேன்.

அண்ணி போய்ச் சேர்ந்து வருஷம் ஆகிவிட்டது. தேனுவுக்குக் கல்யாணம் ஆனபோது அந்த லட்சுமி காசை அவள் தாலியில் கோக்கக் கொடுத்தேன். கொடுக்கும்போது ஒரு சொட்டு வருத்தம் இல்லை. ஓட்டைக் காலணாவை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. தூக்கம் வராவிட்டால் எடுத்து உருட்டுவேன். என் விரல் வயசாகித் தடித்துப்போய்விட்டது. இப்போது ஓட்டையில் நுழைவதில்லை.

போன மாதம் தேனு போன் பண்ணினாள். அவள் மகனுக்குப் பெயர் வைக்கப் போகிறார்களாம்.

"அம்மா, அத்தை எனக்குக் கட்டுன ஓட்டக்காசு இருக்கா? அரைஞாண்ல கோக்கணும்."

எழுந்து போய்க் காலணாவைக் கையில் எடுத்தேன். அவள் "அம்மா? லைன்ல இருக்கியா?" என்றாள்.

"இருக்கேன். கொண்டாறேன்" என்றேன். "எக்ஸ்ரே எடுக்கச் சொன்னா மட்டும் மொதல்ல அத அவுத்துடு."